உட்கார முடியாதவன்

இதை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். அலமாரித் தட்டு நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறது, அதன்மேல் காகிதம். உட்கார்ந்தால் என் முதுகு இறுகிவிடும், நடந்தால் இளகும். அப்படி ஒரு வியாதி. முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன, மருந்து கிடையாது என்று கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டர் கையை விரித்தபோது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை.

அறுபதுகளின் கடைசி அது. ஓசூரில் அப்போது சொல்லிக்கொள்ளும்படி ஆலை ஏது? வேலை வேண்டுமென்றால் பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி, மைசூர் மாநிலத்துக்குள் போக வேண்டும். நான் போனது மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றும் சின்ன கம்பெனி. நாளெல்லாம் ஸ்டூல். என்னால் முடியுமா? எழுந்து தண்ணீர்க் குழாய்வரை போவேன், வருவேன், உட்காருவேன், மறுபடி எழுவேன்.

மேஸ்திரிக்கு அது பொறுக்கவில்லை. மேஜை மேஜையாகக் கம்பி கொண்டுபோய்க் கொடுக்கிற தள்ளுவண்டி வேலை காலியாக இருந்தது. அதைக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"ஊனம்னு டாக்டர் எழுதிக் குடுத்தா மாத்தறேன். கை காலு நல்லாத்தான் இருக்குது, ஓயாம நடக்கறே. உன்னைய யாருய்யா ஊனம்பாங்க? இல்லேன்னா ஒழுங்கா ஸ்டூல்ல உக்காரு. இன்னொரு தடவ எந்திரிச்சேன்னா வீட்டுக்குப் போயிடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிற்க முடியாதவன் ஊனம் என்றால், உட்கார முடியாதவன் மட்டும் என்னவாம்?

கம்பெனி டாக்டரைப் பார்க்கப் போகிற அன்று காலை என் மனைவி ஒரு யோசனை சொன்னாள். தினமும் என்னைப் படுக்கையிலிருந்து புரட்டி எழுப்புகிறவள் அவள்தான்.

"உங்க முதுகு டாக்டரக் கண்டா நல்ல புள்ளையாயிடும். பஸ்ஸுல உக்காந்தே போங்க. யாரு கேட்டாலும் எந்திரிக்காதீங்க. அப்பத்தான் அதோட லட்சணம் தெரியும்."

நான் பஸ்ஸில் எப்போதும் நின்றே போகிறவன். சீட்டு கிடைத்தாலும் யாருக்காவது விட்டுக்கொடுத்து நல்ல பெயர் வாங்கிவிடுவேன். அன்று ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தேன். அடுத்த நிறுத்தத்தில் இடுப்பில் குழந்தையும் கையில் முள்ளங்கிக் கூடையுமாக ஒரு அம்மாள் ஏறி, நேராக என் பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏமய்யா, கண்ணு தெரியலயா? கைப்புள்ளயோட நிக்கறேன், கல்லாட்டம் உக்காந்திருக்கறே!"

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. எழுந்து தொலைக்கலாம் என்று கால் பரபரத்தது. தொடையைக் கையால் அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தேன். காது இரண்டும் சுட்டன. இறங்கும்போது முதுகு, நினைத்தபடியே, மரக்கட்டையாகியிருந்தது.

ஆனால் டாக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. பெஞ்சு காய்ச்சல்காரர்களுக்கு, நீ வெளியே நில் என்றார் கம்பவுண்டர். நின்றேன். வலி என்னை நிற்க விடவில்லை, நடந்தேன். வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கூப்பிட்டபோது மதியமாகிவிட்டது.

டாக்டர் கன்னடக்காரர், தமிழ் பேசுவார். மேஸ்திரி கேட்டதை அவரிடம் சொன்னேன். "சொல்ப குனிப்பா" என்றார், கொஞ்சம் என்பதைக் கன்னடத்திலேயே. குனிந்தேன். பாழாய்ப்போன விரல்கள் முழங்காலைத் தாண்டி இறங்கிப் போயின.

"இதுவா ஊனம்?"

வந்ததே கோபம். "இப்படியே ஒரு மணி நேரம் என்னை உக்கார வையுங்க சார், அப்புறம் குனியச் சொல்லுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சுவரோரம் இருந்த ஸ்டூலைக் காட்டினார். மற்ற நோயாளிகள் வந்தார்கள், போனார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மறுபடி கூப்பிட்டபோது என்னால் எழ முடியவில்லை. கம்பவுண்டர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். குனியச் சொன்னபோது தொடைக்குக் கீழே கை போகவில்லை. வலி வந்து சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பு போயிருந்தது.

"நம்பறேன்ப்பா. ஆனா ஊனம்னு எழுதினா உன் மேஸ்திரி சொன்ன மாதிரி வேலை மாத்த மாட்டாங்க. தகுதி இல்லைன்னு கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க. போன மாசம்கூட ஒருத்தனை அப்படித்தான் அனுப்பினாங்க. என்ன எழுதட்டும், நீயே சொல்லு."

அந்தச் சின்ன அறையில் அங்குமிங்கும் நடந்தேன். மனைவி முகம் வந்தது, வீட்டு அடுப்பு வந்தது, ஸ்டூல் வந்தது. நடக்க நடக்க, அந்தத் துரோகி முதுகு இளக ஆரம்பித்தது.

"நல்லா இருக்கேன்னே எழுதுங்க சார்."

சாயங்கால பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் ஏசிய அதே அம்மாள் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள், குழந்தை மடியில் தூங்கியது. அவள் பக்கத்து வரிசையில் ஒரு சீட்டு காலியாகவே வந்தது. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓசூர் நெருங்கும்போது அவளுக்குத் தாங்கவில்லை.

"காலையில எந்திரிக்க மாட்டேன்னே. இப்ப எடம் இருக்குது, உக்கார மாட்டேங்கறே. உனக்கு என்னதான்யா சீக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு."