என் பெயருக்கு வந்த கடிதம்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நடந்ததில் பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவர்களுக்குக் காட்டுமன்னார்கோயில். அக்காவுக்கு இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். பெரியப்பாவுக்குக் கூலி வேலை. என் அப்பா கடலூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். சொந்தப் பிள்ளைக்கு என்றால் ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். அதனால் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அக்காவை என் பெயரைச் சொல்லிச் சேர்த்தார்கள். அவளுக்கு வைத்த வால்வும் என் பெயரில்தான் பதிவானது. ஊருக்குத் திரும்பிய பிறகும், "ஏய், உன் பேரைத் திருப்பித் தரமாட்டேன் போடி" என்று அக்கா சீண்டுவாள். நான் அழுவேன்.

அடுத்த வருஷம், இரண்டாயிரத்து ஆறாக இருக்கும், திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு வாசலில் தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு வந்த முதல் கடிதம். உறைமேல் அந்த ஆஸ்பத்திரியின் பெயர். உள்ளே முழுக்க இங்கிலீஷ். என் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். தெருவில் நாலு பேரிடம் காட்டிய பிறகுதான் அம்மாவிடம் கொடுத்தேன்.

அப்பா வந்ததும் அம்மா, "கண்டுபுடிச்சிட்டாங்களா?" என்றாள்.

"வேற என்னாத்துக்கு லெட்டர் போடப்போறான்? வேலை போச்சுன்னு வச்சுக்க."

"டீச்சர்கிட்ட காட்டிக் கேட்டுக்கினு வரட்டா?" என்றேன் நான்.

"வாயை மூடு! நல்லா இருக்கிற புள்ள பேருக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து லெட்டர் வருது, இவளுக்குப் பெருமை ஒரு கேடு" என்றாள் அம்மா.

என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, உப்பு, மிளகாய், தெருமண்ணோடு கடிதத்தையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றினாள். துப்பச் சொன்னாள். எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள். நெடி தாங்காமல் மூவரும் இருமினோம். கண்ணேறு பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள். அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதி. எனக்குக் கடிதம் போன துக்கம். காட்டுமன்னார்கோயிலுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

மழை விட்ட பிறகு ஒருநாள், அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது, சிதம்பரத்தில் சேர்த்திருக்கிறோம் என்று பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. நாங்கள் போனபோது அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்தாள், சீண்டவில்லை. மத்தியானத்துக்குள் போய்விட்டாள்.

டாக்டர் வெளியே வந்தார். "வால்வு உடைஞ்சிருக்கு. மெட்ராஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன். இந்த வகை வால்வுல கோளாறுன்னு, வச்சுக்கிட்ட எல்லாரையும் உடனே வரச்சொல்லி லெட்டர் போட்டாங்களாமே. உங்களுக்கு வரலையா?"

"எங்களுக்கு ஒண்ணும் வரலைங்களே" என்று பெரியம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து நான் முன்னே போனேன். "வந்துச்சு பெரியம்மா. என் பேருக்கு வந்துச்சு" என்றேன்.

கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று வெகுநாள் வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கடிதம் வந்தது ஆடியில், அக்கா போனது தையில் என்று ஞாபகம். மாதம் தப்பாகவும் இருக்கலாம். விவரம் தெரிந்த யாராவது பார்த்துச் சொல்லுங்கள்: அந்த இடைவெளியில் வேறு வால்வு வைத்திருக்க முடியுமா? முடியாது என்றால் அம்மாவிடம் போய்ச் சொல்லவேண்டும்.