எரியாத சிவப்பு விளக்கு

என் அண்ணன் குவைத்துக்குப் போய் இரண்டு வருஷம் கழித்து முதல் விடுமுறையில் வந்தபோது ஆளுக்கொரு சாமான் கொண்டுவந்தான். எனக்குக் கைக்கடிகாரம், என் மனைவிக்குப் புடவை. அப்பாவுக்குக் காரில் பொருத்துகிற ஸ்டீரியோ. எழுபதுகளின் பின்பாதி அது. சேலையூரில் எங்கள் தெருவில் அப்படி ஒரு பொருளை யாரும் பார்த்ததில்லை. அட்டைப் பெட்டிக்குள் தெர்மகோல், அதற்குள் காசெட் போடும் பிளேயர், இரண்டு ஸ்பீக்கர், பிறகு ஒரு செங்கல் அளவில் கறுப்பாக, முதுகில் அலுமினிய விலா எலும்புகளோடு ஆம்ப்ளிஃபயர். பிளேயரின் சத்தம் இதற்குள் போய்ப் பெரிதாகித்தான் ஸ்பீக்கருக்கு வரும். இது இல்லாவிட்டால் பிளேயர் ஊமை.

அப்பாவிடம் ஒரு கார் இருந்தது. மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தபோது, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் வாங்கிய சின்ன சாம்பல் நிற வண்டி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மாவையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊரப்பாக்கம்வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புவார். பிளக்கைக் கழற்றித் துடைப்பது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவரேதான். வேறு யாரையும் பானெட்டைத் திறக்க விடமாட்டார்.

அம்மா இறந்த மறு வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போய், 'தா' என்கிற ஒரே சத்தம் மட்டும் மிஞ்சியது. தண்ணீருக்கும் தா, கோபத்துக்கும் தா. காலையில் குளிப்பாட்டிவிட்டு நான் கிண்டியில் பம்பு செய்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போவேன். எலக்ட்ரீஷியன் வேலை. பகலெல்லாம் என் மனைவி பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் நான் வந்ததும் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஷெட்டில் நிற்கும் காரின் முன்சீட்டில் உட்கார வைப்பேன். அங்கே மட்டும்தான் அமைதியாக இருப்பார். வீட்டில் ரேடியோ பாடினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். காரில் உட்கார்ந்துகொண்டு, ரயில்வே கேட்டுப் பக்கமிருந்து வரும் மின்சார ரயிலின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அதை நான் கடிதத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துத்தான் அண்ணன் ஸ்டீரியோ வாங்கியிருக்கிறான். பெட்டியைப் பிரித்துக் காட்டியபோது அப்பாவின் முகத்தின் இடது பாதி சிரித்தது. இரண்டு வருஷமாக நான் குளிப்பாட்டித் துடைத்துச் சோறு ஊட்டியதில் அந்தச் சிரிப்பை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எனக்கு அது உறுத்தியது.

"மவுண்ட் ரோட்டுல கார் செட் மாட்டறவங்க இருக்காங்க. அங்க எடுத்துட்டுப் போயிடலாம்" என்றான் அண்ணன்.

"எதுக்குண்ணா? நாலு ஒயர். நானே மாட்டிடறேன்" என்றேன்.

அந்தப் பாதிச் சிரிப்பில் எனக்கும் ஒரு பங்கு வேண்டியிருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

சனிக்கிழமை பிற்பகல் வேலையைத் தொடங்கினேன். அப்பா முன்சீட்டில் இருந்தார். அண்ணன் பக்கத்தில் நின்றான். முதலில் ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, அதன் முகத்தில் இருந்த சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பிளேயரை மாட்டலாம் என்பது என் திட்டம். பேட்டரி முனைகளில் வெள்ளைப் பொடியும் கிரீஸும் அப்பியிருந்தன. அதில் என்ன குறி இருக்கிறது என்று நான் துடைத்துப் பார்க்கவில்லை. எந்த வண்டியிலும் உடம்புத் தகடு பேட்டரியின் மைனஸோடுதான் சேர்ந்திருக்கும் என்பது நான் படித்தது. கறுப்பு ஒயரைத் தகட்டில் முடுக்கினேன். சிவப்பு ஒயரை, ஹாரனுக்குக் கரண்ட் போகும் இடத்தில் கொடுத்தேன்.

விளக்கு எரியவில்லை. சிவப்பு ஒயரின் நடுவே இருந்த கண்ணாடி ஃபியூஸ் போயிருந்தது. பெட்டியில் உபரியாக ஒன்று வைத்திருந்தார்கள். அதைப் போட்டேன். கண்ணெதிரே மினுக்கென்று அதுவும் போயிற்று.

அப்போது அப்பா சத்தம் போட ஆரம்பித்தார். "தா, தா" என்று இடது கையால் டேஷ்போர்டில் அடித்தார். கையை நீட்டி பானெட்டைக் காட்டினார். மறுபடியும் அடித்தார்.

"பாத்ரூம் போகணும்போல இருக்கு" என்றான் அண்ணன்.

நான் அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். வழியெல்லாம் என் தோளில் குத்திக்கொண்டே வந்தார். உட்காரவைத்துக் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து சீட்டில் வைத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த நோயில் அது சகஜம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நான் பொருட்படுத்தவில்லை.

மூன்றாவது ஃபியூஸ் இல்லை. கடைக்குப் போக எனக்குப் பொறுமையும் இல்லை. மோட்டாருக்குச் சுற்றும் தடித்த செம்புக் கம்பியில் ஒரு துண்டை வெட்டி, ஃபியூஸ் இருந்த இடத்தில் வைத்து முறுக்கினேன். கறுப்புப் பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் சூடு. எரிந்த வெங்காயம்போல லேசான வாடை. விளக்கு எரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் செய்ததையெல்லாம் பழுதுபார்ப்பது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து வந்ததும் ஷெட்டுக்குள் போய்விடுவேன். சின்ன பல்பில் இரண்டு ஒயர் கட்டி, கரண்ட் வருகிறதா என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் பல்பு எரிந்தது. எப்படித் திருப்பிக் கொடுத்தாலும் பல்பு எரியும் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. தகட்டில் பெயின்டைச் சுரண்டி ஒயரை மறுபடி முடுக்கினேன். வேறு பேட்டரி இரவல் வாங்கி, அதன் குறியையும் பார்க்காமல் அதே மாதிரி மாட்டினேன். ஆம்ப்ளிஃபயரின் அடி மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே எல்லாம் புதிது மாதிரி பளபளவென்று இருந்தது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

முதல் இரண்டு நாள் அண்ணன் கூடவே குந்தியிருந்தான். பிறகு, "கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான்டா. செத்த பீஸைத் தலையில கட்டிட்டான்" என்று சொல்ல ஆரம்பித்தான். எனக்கும் அந்தப் பேச்சு வசதியாக இருந்தது.

அவன் கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது, மேற்குத் தாம்பரத்தில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் ஒருவரை அழைத்துவந்தேன். அண்ணன் டிக்கெட் விஷயமாகப் பாரிமுனைக்குப் போயிருந்தான். அப்பா வழக்கம்போல முன்சீட்டில். ரிப்பேர்க்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, தோள்பையிலிருந்து மீட்டரை எடுத்தார். கறுப்பு முனையைத் தகட்டிலும் சிவப்பு முனையை ஒயரிலும் வைத்தார். முள் இடது பக்கம் போய் முட்டிக்கொண்டு நின்றது. முனைகளை மாற்றி வைத்தார். முள் ஒழுங்காக ஏறியது.

பானெட்டுக்குள் குனிந்து, பேட்டரி முனையின் கிரீஸைக் கட்டைவிரலால் வழித்தார்.

"இன்னா சார் இது. இந்த வண்டில பாடி பிளஸ்ஸு சார். பழைய வெள்ளக்காரன் வண்டி அப்டித்தான் கீது. நீங்க தலகீயா குட்த்துகினீங்க."

நான் தகட்டில் முடுக்கியிருந்த கறுப்பு ஒயரைக் கழற்றினேன்.

அவர் ஃபியூஸ் இடத்தில் இருந்த செம்புக் கம்பியைப் பார்த்தார். "ஃபியூஸு போய்க்கினே இருந்துச்சில்ல? அது, வாணாம் வாணாம்னு சொல்லிக்கினு இருந்துச்சு. கம்பிய வெச்சதும் உள்ள டிரான்சிஸ்டர் எல்லாம் பூட்ச்சு. யாரு சார் கனெக்சன் குட்த்தது?"

"தெரியலை. அண்ணன் யாரையோ கூட்டிட்டு வந்தார்" என்றேன்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இருபது வருஷம் அந்தப் பேட்டரியைக் கழற்றி மாட்டியவர் அவர். எது பிளஸ், எது மைனஸ் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அன்றைக்கு அவர் பானெட்டைக் காட்டிக் காட்டி அடித்தது அதற்குத்தான். நான் அவரைக் கக்கூஸில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறேன்.

"ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டேன்.

"இந்த நம்பர் டிரான்சிஸ்டர் இங்க ஏது சார்? பர்மா பஜார்ல கேட்டுப் பாருங்க. கெடச்சாலும் இந்த வண்டில வெக்கறது பேஜாருதான். பொட்டி தகட்டுல படாம ரப்பர் வெச்சு மாட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு பர்மா பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ரிச்சி தெருவிலும் கேட்டேன். அந்த எண்ணை யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு போடும்போது மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. ஊருக்குப் போறதுக்குள்ள சொல்லிடுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் அப்பாவிடம் சொன்னேன், குளிப்பாட்டும்போது. "நான்தாம்பா மாத்திக் கொடுத்துட்டேன். நீங்க சொன்னது எனக்குப் புரியலை." அவர் முதுகு சோப்பு நுரையோடு என் பக்கம் இருந்தது. 'தா' என்றுகூடச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ஷெட்டுக்குத் தூக்கப் போனபோது இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பலமான பிடி. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் காருக்கு வரவே இல்லை.

அண்ணனை மீனம்பாக்கத்தில் விமானம் ஏற்றிவிட்டேன். டாக்ஸியில் பல்லாவரம் தாண்டும்போது சொல்லிவிட வாயெடுத்தேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டு, "அந்தக் கடைக்காரனை நான் சும்மா விடப்போறதில்லை" என்றான். நான் அவன் பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கடைக்காரனோடு சண்டை போட்டானாம். அவன் புதிய பீஸ் தர ஒத்துக்கொள்ளவில்லையாம். நீ ஏதாவது செய்து சரிப்படுத்தினாயா, அப்பா பாட்டுக் கேட்கிறாரா என்று எழுதியிருந்தான். மேஜையில் உட்கார்ந்து பதில் எழுதினேன். "ஒரு ஆள் கிடைத்துச் சரிசெய்துவிட்டேன். அப்பா சாயங்காலத்தில் காரில் உட்கார்ந்து கேட்கிறார்." மனைவி அதை வாங்கிப் படித்தாள். கோந்து பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள்.

அதை நம்பி அவன் அடுத்த மாதமே மூன்று காசெட் அனுப்பினான், ஊருக்கு வந்த ஒருவர் கையில். கீர்த்தனைகள், அப்பாவுக்குப் பிடித்தவை. கொண்டுவந்தவருக்குக் காபி கொடுத்தோம். "பெரியவர் காருலயே உட்கார்ந்து கேக்கறாராமே, உங்க அண்ணன் எல்லார்கிட்டயும் சொல்லிச் சந்தோஷப்படறார்" என்றார் அவர். உள்ளறையில் அப்பா படுக்கைப்புண்ணோடு கிடந்தார். வந்தவர் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றபோது, தூங்குகிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மழைக்காலத்தில் அப்பா இறந்தார். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆறு வாரம் கழித்துத்தான் வந்தான். கல்லறைக்குப் போய்விட்டு வந்ததும் நேரே ஷெட்டுக்குப் போய்க் காரில் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தான். "அவர் கேட்டதைப் போடு. கொஞ்ச நேரம் கேக்கறேன்" என்றான்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிளஸ் மைனஸ், செம்புக் கம்பி, அப்பா டேஷ்போர்டில் அடித்தது, கடிதம்.

அவன் டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தான். "அப்ப ஒரு தடவைகூட அவர் கேக்கலையா?" என்றான்.

"இல்லண்ணா."

"நான் அந்தக் கடைக்காரனை எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?"

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட வந்தான். அந்த வாரம் இருவரும் சேர்ந்து அப்பாவின் சட்டைகளைப் பிரித்துக் கட்டினோம். குரோம்பேட்டையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவருக்கு வண்டியை விற்றோம். பேச வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டோம். ஊருக்குப் போகும்போது டாக்ஸியில் நான் கூட வரவேண்டாம் என்றான்.

அதற்குப் பிறகு அவன் கடிதங்கள் என் மனைவி பெயருக்கு வந்தன. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும் என்று முடித்திருப்பான். அவள் அந்த வரியை மட்டும் உரக்கப் படிப்பாள்.