மீன் காசுக்குப் புளி போட்ட வெள்ளிக்கிழமை

பஸ் கண்டக்டருக்குக் காசு சேர்க்கும் ஆசை வருவது மிட்டாய்க் கடைக்காரருக்கு இனிப்பில் ஆசை வருவது மாதிரி என்று டிப்போவில் கேலி செய்வார்கள். செய்யட்டும். பகலெல்லாம் சில்லறைக்காகச் சண்டை போட்ட கை, வீட்டுக்கு வந்ததும் செல்லாக்காசைத் தேடுகிறது. அந்தச் சுகம் எனக்குத்தான் தெரியும். இது எந்த ஊர்க் காசு, யார் அடித்தது, என்ன எழுத்து என்று லென்ஸை வைத்துத் துருவ ஆரம்பித்தால், எதிரே சாப்பாடு ஆறிப்போவதுகூடத் தெரியாது.

ஆறு வருடங்களுக்கு முன் அறந்தாங்கியில் பழைய பாத்திரக் கடை ஒன்றில், ஓட்டைக் குடத்துக்குள் கிடந்த குட்டிச் செப்புக்காசு ஒன்றை வாங்கினேன். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். களிம்பேறிக் கன்னங்கரேல் என்று இருந்தது. ஒரு பக்கம் வெறும் மேடு. மறுபக்கம் வளைந்த உடம்பும் பிளந்த வாலும் தெரிந்தன. மீன்தான், பாண்டியர் காசுதான் என்று கடை வாசலிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

அதன் பிறகு நான் வாங்காத புத்தகம் இல்லை. நகைக்கடைத் தராசில் எடை போட்டுப் பார்த்தேன். புத்தகத்தில் இருந்த எந்த மீனோடும் என் மீன் ஒத்துப்போகவில்லை. அப்படியானால் இது இதுவரை யாரும் பார்க்காத மீன் என்று சந்தோஷப்பட்டேனே தவிர, இது மீன்தானா என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. கழுவிப் பார்க்கவும் இல்லை. காசு சேர்ப்பவர்கள் களிம்பில் கை வைக்க மாட்டோம். தேய்த்தால் காசின் தோல் உரிந்துவிடும், மதிப்பும் போய்விடும்.

போன வருடம் நாங்கள் சில பேர் சேர்ந்து புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை காசுக் கண்காட்சி வைத்தோம். நோட்டீசில் நடுநாயகமாக என் காசின் படம். கீழே ‘அரிய மீன் காசு’ என்று கொட்டை எழுத்து. என் பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் டிக்கெட்டோடு சேர்த்து அந்த நோட்டீசையும் கொடுத்தேன். தலைகால் புரியாத நாட்கள் அவை.

நல்ல காரியத்துக்குப் போகிற பொருளைச் சாமி முன்னால் வைத்து எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். வியாழக்கிழமை காசைக் கொண்டுபோய்க் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் டூட்டிக்குப் போனேன். அன்று வெள்ளிக்கிழமை என்பது என் மண்டையில் ஏறவில்லை.

மதியம் வந்து பார்த்தால், தட்டில் காசு பளபளவென்று கிடக்கிறது. மேலே ஒரு குங்குமப் பொட்டு வேறு. என் மனைவி புளி போட்டு விளக்கியிருந்தாள். ஆத்திரத்தில் நான் பேசியதை இங்கே எழுதுவதற்கில்லை. அவள் அசரவில்லை.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா சாமிகிட்ட கருகருன்னு கெடந்துச்சு. வெளக்கோட சேத்து வெளக்கிட்டேன். நீங்க வச்ச எடம் அப்புடி.”

சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். இத்தனை வருடமாக அவளைத் தொட விடாத என் லென்ஸை எடுத்து, அவள் காசை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஏங்க, மீனுன்னு சொன்னீங்க. இதுல ஆத்தால்ல உக்காந்திருக்கா.”

பிடுங்கிப் பார்த்தேன். வெறும் மேடு என்று நான் ஒதுக்கிய பக்கத்தில், காலை மடித்து அம்மன் உட்கார்ந்திருந்தாள். காசைத் திருப்பினேன். மீனைக் காணவில்லை. ‘விஜய’ என்று மூன்று தெலுங்கு எழுத்துகள் இருந்தன. அவற்றின் முதல் எழுத்தைத்தான் இத்தனை காலமும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மீன் என்று நம்பியிருக்கிறேன். வால் வெறும் அழுக்கு. சமஸ்தான காலத்தில் நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுத்த புதுக்கோட்டை அம்மன் காசு அது. என் டப்பாவிலேயே அதுபோல எட்டு இருக்கிறது.

மூக்கறுபட்டது மாதிரி இருந்தது. ஊரெல்லாம் நோட்டீஸ் போயாகிவிட்டது. காசு தொலைந்துபோனதாகச் சொல்லிவிடலாமா என்று அவளிடமே கேட்டேன். “மீனு ஆத்தோட போயிருச்சுன்னு சொல்லுங்க” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். ஒரு காசைப் பற்றித் தப்பாகத் தெரிந்து வைத்திருந்தது சரியாகத் தெரியவரும்போது வருகிற சந்தோஷம், புதுக்காசு கிடைத்தால்கூட வராது. அதை அன்றைக்குத்தான் அனுபவித்தேன்.

இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குள் பின்வாசல் வழியாகத்தான் போனேன். ‘அம்மன் காசு, செம்பு’ என்று மட்டும் அட்டை எழுதி வைத்துவிட்டு, மேஜையை விட்டுத் தள்ளி நின்றேன். வந்தவர்கள் எல்லாரும் மீன் காசு எது என்றுதான் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், துணைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி முந்திக்கொண்டாள்.

“மீனு வெள்ளிக்கெழம வரைக்கும் இருந்துச்சுங்க. புளியப் போட்டேன், ஆத்தா வந்துட்டா.”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்த ஒருவர் காசு மேல் மூடியிருந்த கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் வீட்டு அரிசிப் பானையிலும் ஒன்று கிடக்கிறது என்றார். நாள் முழுக்க அவள் அந்தக் கதையைச் சொன்னாள். மதியத்துக்கு மேல் மீனுக்குச் செதிலும் முளைத்திருந்தது. நான் அழுததாகவும் சேர்த்திருந்தாள். எங்கள் மேஜையில் இருந்த கூட்டம் வேறு எங்கும் இல்லை. எதை நினைத்து இரண்டு நாளாகப் பயந்தேனோ, அது என் காதிலேயே இத்தனை தடவை விழுந்தும் எனக்கு வலிக்கவில்லை.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் நானும் வரிசையில் போய் நின்று, “ஏம்மா, மீன் காசு எங்க இருக்கு?” என்றேன்.

அவள் கொஞ்சமும் சிரிக்கவில்லை. “அத ஏங்க கேக்குறீங்க, எங்க வீட்டுக்காரரு ஒருத்தரு இருக்காரு” என்று தொடங்கினாள். நான் கடைசிவரை நின்று கேட்டேன்.