கையளித்தல்

அக்கா ஜெர்மன் வகுப்பில் சொன்ன முதல் முழு வசனத்துக்கு வகுப்பே சிரித்தது. குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லி ஆசிரியை கேட்டிருந்தார். "மகனை ஆமியிட்டைக் கையளிச்சம்" என்று சொல்ல வெளிக்கிட்ட அக்கா, கையளிப்பதற்கு ஜெர்மனில் உள்ள "ஊபர்கேபன்" என்ற சொல்லைச் சரியாகத்தான் பிடித்தார். ஆனால் இடையில் "எங்களை" என்று ஒரு சொல்லைச் செருகிவிட்டார். அது சேர்ந்தால் வாந்தி எடுத்தோம் என்று அர்த்தம். துணைக்குப் போய்ப் பக்கத்தில் இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழும்பி நின்று, அவர் சொல்ல வந்தது என்ன என்று விளக்கினேன். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. மன்னார்க்காரி; பான் நகரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறார். இலங்கை யுத்தத்தின் கடைசி நாட்களில், பெயரைப் பதிந்துவிட்டு விட்டுவிடுவோம் என்று இராணுவம் ஒலிபெருக்கியில் சொன்னதை நம்பி, பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்த மகனைத் தன் கையால் கூட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தவர். அவனை ஏற்றிய பஸ் எந்தப் பக்கம் திரும்பியது என்பதுவரை அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் போட்ட குழு ஊருக்கு வந்தபோது போய்ச் சாட்சி சொன்னார். குழு எழுதி முடித்தது. ஒருநாள் பத்திரிகையில் படம் வந்தது. தடித்த புத்தகம் ஒன்றை ஒருவர் இரண்டு கையாலும் நீட்ட, ஜனாதிபதி சிரித்துக்கொண்டு வாங்குகிறார். கீழே, "அறிக்கை ஜனாதிபதியிடம் கையளிக்கப்பட்டது" என்று போட்டிருந்தது.

அவ்வளவுதான். அதை வெளியிடுவதும் பூட்டி வைப்பதும் ஜனாதிபதியின் விருப்பம். அவர் பூட்டி வைத்தார். பிறகு ஜனாதிபதி மாறினார். புதியவர் பழைய அறிக்கைகளை ஆராய இன்னொரு குழுவைப் போட்டார். அதுவும் எழுதியது, அதையும் கையளித்தார்கள், திரும்பவும் அதே படம். கண்டறியாத சிரிப்பு! எனக்குக் கைபேசியைச் சுவரில் எறியவேண்டும் போலிருக்கும். அக்கா மட்டும் படத்தை ஆறுதலாகப் பெரிதாக்கி, புத்தகத்தின் தடிப்பைப் பார்ப்பார்.

"இவ்வளவு எழுதியிருக்கினம், பிள்ளை. அவன்ரை பேரும் எங்கையோ இருக்கும்."

ஜெர்மன் குடியுரிமைக்கு அவர் அந்தரப்பட்டதும் இதற்காகத்தான். கையில் இருந்த நீலநிற அகதிப் பாஸ் என்ற பயணப் பத்திரத்தோடு இலங்கைக்குப் போக முடியாது. ஜெர்மன் பாஸ் கிடைத்தால் கொழும்புக்குப் போய், அறிக்கையைப் பூட்டி வைத்திருக்கும் அரசாங்கக் கந்தோர் வாசலில் நின்று, மகனைப் பற்றி எழுதிய பக்கத்தை மட்டும் காட்டச் சொல்லிக் கேட்கப்போவதாகச் சொன்னார். காட்டமாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குடியுரிமைப் பரீட்சைக்கு நான்தான் கேள்விகளைக் கேட்டுக் கேட்டுப் பழக்கினேன். மற்றதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஜெர்மன் ஜனாதிபதியின் கடமை என்ன என்ற கேள்வியில் மட்டும் ஒவ்வொருமுறையும் பிழைவிட்டார். எந்த விடையில் அதிகாரம் கூடவோ அதற்குத்தான் புள்ளடி.

"அக்கா, இங்கத்தையான் சும்மா கையெழுத்து வைக்கிற ஜனாதிபதி. நாட்டை நடத்துறது வேறை ஆள். எத்தினைதரம் சொல்லுறது!"

"அப்ப இரகசியக் கடதாசியளின்ரை திறப்பு ஆரிட்டை?"

"எந்தக் கந்தோர் எழுதிச்சோ அதுதான் பூட்டும், திறக்கும். இவர் நினைச்சாப்போலை எல்லாத்தையும் பூட்டவும் ஏலாது, திறக்கவும் ஏலாது."

இதைப் பஸ்ஸில் போகும்போதுதான் கதைத்தோம்; பஸ் அப்போது ரைன் நதிக்கரையில் இருக்கும் ஜெர்மன் ஜனாதிபதியின் வெள்ளை வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. பேர்லினில் இருப்பவர் எப்போதாவது வந்து போகும் வீடு. அக்கா கழுத்தைத் திருப்பி, மரங்களுக்குள் அது மறையும்வரை பார்த்தார்.

"நல்லது பிள்ளை," என்றார். "அவரிட்டை ஒருத்தரும் போய் அழத் தேவையில்லை."

ஒரு நாட்டுக்கு இரகசியமே இருக்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இங்கேயும் எத்தனையோ அலுமாரிகள் பூட்டித்தான் கிடக்கும். ஆனால் அந்த அறிக்கையில் இருப்பது அக்காவின் வாயால் வந்த சொல். அவர் அழுது அழுது சொன்னதை வாங்கி, அவருக்கே இரகசியம் ஆக்கிவிட்டார்கள். ஒரு மனிதருக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது?

அக்கா பரீட்சையில் பாஸ். பிறகு ஒருநாள் நகரசபைக்கு வரச்சொல்லி டெர்மின் தந்தார்கள். அங்கே இருந்த இளம்பெண் குடியுரிமைப் பத்திரத்தைக் கொடுத்து, வாழ்த்துச் சொல்லி, பழைய பாஸைக் கேட்டாள். நானும் யோசியாமல் தமிழில் சொல்லிவிட்டேன்.

"அக்கா, நீலப் பாஸைக் கையளிக்கட்டாம்."

அவர் முகம் மாறிவிட்டது. பாஸை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"துண்டு தருவினமோ?"

"என்ன துண்டு?"

"வாங்கினதெண்டு."

"விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா. அது பழசு, இனித் தேவையில்லை. குடுங்கோ."

"கேள் பிள்ளை. என்ரை பேர் போட்டு, இன்னார் வாங்கினதெண்டு எழுதி, சீல் குத்தித் தரச் சொல்லு. இல்லாட்டி நான் குடுக்கமாட்டன்."

வெட்கத்தோடுதான் கேட்டேன். அந்தப் பெண் ஒருகணம் எங்களைப் பார்த்தாள். பிறகு தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்து வைத்து, சீல் குத்தி நீட்டினாள். அக்கா தன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் பாஸைக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் எனக்குச் சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. குடியுரிமைப் பத்திரம் என் கையில் இருந்தது. அதை அவர் கேட்கவே இல்லை. அந்தத் துண்டை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார்.

"பாத்தியே பிள்ளை, கேட்டால் தருகினம்," என்றார். "அவனைக் குடுக்கேக்கை நான் கேக்கேல்லை."