பைய லே

முதலாளி, நீங்கள் சொன்னது பொய். அந்த ஜார்க்கண்டுக்காரருக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்டதால்தான் விரல்கள் போயின.

நாகர்கோவில் ரோட்டில் உள்ள உங்கள் கிரானைட் யார்டில் நான் விற்பனை பார்க்கிறேன். மேலப்பாளையத்துக்காரன். சவூதியில், தம்மாமில் ஒரு இரும்பு யார்டில் பல வருடம் கிடந்துவிட்டு வந்தவன். இந்தி அங்கே தொற்றிக்கொண்டது. என்னை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான். ராஜஸ்தான் குவாரிக்காரர்களிடம் போனில் பேரம் பேச உங்களுக்கு ஒரு வாய் வேண்டியிருந்தது. “நம்ம பாய் இந்தியில பேசினா சேட்டு சொக்கிருவான்வே” என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தீர்கள்.

அதே யார்டில் கல் இறக்க ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களிடம் பேச உங்களுக்கு வாய் தேவைப்படவில்லை. கையைக் காட்டினால் போதும் என்றீர்கள்.

காலையில் கொஞ்ச நேரம் கொடுங்கள், இறக்கும்போது நம் ஆட்கள் போடும் சத்தங்களுக்கு அர்த்தம் சொல்லிவிடுகிறேன் என்று நான் கேட்டேன்.

“இது என்ன பள்ளிக்கூடமா பாய்? பொழைக்க வந்தவன் தானா தமிழ் படிச்சிக்கிடணும். நீரு என்ன, இந்திக்கு வக்காலத்தா?”

இந்தியை யார் தலையிலும் கட்டக் கூடாது என்று நினைக்கிற ஆள்தான் நானும். நான் கேட்டது அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க. அதுகூட உங்கள் காதில் ஏறவில்லை.

தம்மாமில் எங்கள் போர்மேன் ஒரு பட்டாணியர். வாயைத் திறந்தால் வசவு. ஆனால் முதல் நாள் காலையில் வங்காளி, மலையாளி, எகிப்துக்காரன், நான் எல்லோரையும் நிறுத்தி, தூக்கு, இறக்கு, நிறுத்து என்பதற்கு இன்ன சத்தம் என்று கத்தினார். எங்களையும் திருப்பிக் கத்த வைத்தார். அன்பால் செய்யவில்லை. ரத்தம் சிந்தினால் வேலை நின்றுபோகும் என்று செய்தார். அந்த அளவு கணக்குகூட இங்கே யாருக்கும் இல்லை.

அன்று லாரியிலிருந்து கிரேன் ஒரு கிரானைட் பலகையைத் தூக்கியது. கீழே, பலகையைச் சாய்த்து வைக்கும் இரும்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அந்த ஜார்க்கண்டுக்காரர் நின்றார். காற்றில் பலகை லேசாக ஆடியது. லாரி மேலே நின்ற லோடுமேன் அண்ணாச்சி அவரைப் பார்த்துக் கத்தினார்: “பைய லே! பைய!”

அவர் விலகவில்லை. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். பலகைக்கும் இரும்புக்கும் நடுவில் வலது கை மாட்டியது. மூன்று விரல்கள் போய்விட்டன.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். ஏன் கையை நீட்டினீர்கள் என்று இந்தியில் கேட்டேன். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை.

“கூப்பிட்டாரே. ‘அண்ணே, வாங்கிக்கோ’ன்னு சொன்னாரே. வாங்கப் போனேன்.”

இந்தியில் பையா என்றால் அண்ணன். லே என்றால் வாங்கிக்கொள். நம் ஊரில் ‘மெதுவாடா, பார்த்து’ என்று ஒருவனைக் காப்பாற்றக் கத்துகிற சத்தம், அவர் காதில் மரியாதையான ஒரு கட்டளையாக விழுந்திருக்கிறது. அவர் கீழ்ப்படிந்தார். அவ்வளவுதான் நடந்தது.

உங்களிடம் வந்து சொன்னேன். சிரித்தீர்கள். “நல்ல கதையாத்தான் இருக்கு வே” என்றீர்கள். மறுநாள் காலை வாசல் கேட்டில் எல்லோரையும் கூட்டி, அவன் செவிடு, மறைத்து வேலைக்குச் சேர்ந்துவிட்டான், இனி எடுக்க மாட்டோம் என்று அறிவித்தீர்கள். பிறகு அவருடைய அண்ணனுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்து, அதையே இந்தியில் சொல்லச் சொன்னீர்கள். நான் போனை மேசையில் வைத்துவிட்டேன். மறுமுனையில் அந்த மனிதர் ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டே இருந்தார். நீங்கள் இன்னொரு போனில் காதுக்கு இந்தியில் என்ன என்று தேடினீர்கள். பிறகு மேசையிலிருந்த போனை எடுத்து, காது இல்லை என்பதற்கு “கான் நஹி, கான் நஹி” என்றீர்கள். அந்த மொழியில் நீங்கள் படித்துக்கொண்ட இரண்டு சொல் இதுதான்.

லோடுமேன் அண்ணாச்சி என்னைத் தனியே பிடித்தார். “பாய், நான் ‘பைய’ன்னுதானே சொன்னேன்? அவன் நல்லதுக்குத்தானே சொன்னேன்?” இப்போது லாரி வந்தால் விசில்தான் ஊதுகிறார். வாயைத் திறப்பதில்லை. விசிலுக்கு என்ன அர்த்தம் என்றும் ஜார்க்கண்டு ஆட்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. பலகைகள் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

விரல் போனவர் ஊருக்குப் போய்விட்டார். அங்கேயும் வேலை தேடினால் செவிடன் என்ற பேர் முன்னால் போய் நிற்கிறது என்று அவருடைய அண்ணன் எனக்குப் போனில் சொன்னார். விரல் போன கையோடு அதையும் அவர் சுமக்க வேண்டுமா?

முதலாளி, இனி அறைக்குள் என்னைக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். நாளைக் காலை கேட்டில், எல்லா ஆட்களும் நிற்கும்போது, அந்த அண்ணனைப் போனில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். ‘பைய’ என்றால் என்னவென்று அவர் தம்பிக்குச் சொல்லியிருக்க வேண்டியது யார்? தமிழில் சொன்னால் போதும். இந்தியில் நான் சொல்கிறேன்.