அசையாத கேஜ் அசைந்த சாயங்காலம்

சத்தியமாக நடந்தது. பேயாவது பிசாசாவது என்று ஊரெல்லாம் கேலி பேசித் திரிந்தவன்தான் நான். போன சாரல் சீசனோடு அந்த வாய் அடைத்துப்போயிற்று.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் எங்கள் கேலிபரேஷன் லேப். காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் இன்னும் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் கேஜ்களைச் சரிபார்ப்பதுதான் வேலை. எல்லாவற்றையும் ஒப்பிட உள்ளறையில் ஒரு மூல கேஜ் உண்டு; அதன் திரை மட்டும் வெளியே என் மேசையில். ஆறு வருடமாக அதன் கணக்கு பிசகியதே இல்லை. ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்று, சாரல் விழுந்தால் உள்ளறைக் கதவை இறுக மூடிவிடுவோம். ஈரம் ஏறாமலிருக்க உள்ளே குழாயில் நைட்ரஜன் ஓடும். வாசனையே கிடையாது. கசிந்தால் இருமல்கூட வராது, ஆள் சாய்ந்துவிடுவான். அதனால் ஒருவர் உள்ளே இருந்தால், இன்னொருவர் வெளியிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் கதவைத் திறக்க வேண்டும்.

அன்று சுரண்டைக்குப் போய்விட்டு 5.40-க்குத் திரும்பினேன். உள்ளறை வாசலில் ஹுஸைஃபாவின் செருப்பு. என்னோடு வேலை பார்க்கும் பையன். "நான் வந்த பொறவு உள்ள போ" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். எரிச்சலாக வந்தது.

"ஏலே ஹுஸைஃபா!"

"இருக்கேன் அண்ணாச்சி."

மேசையில் உட்கார்ந்து மூல கேஜின் திரையைப் பார்த்தேன். எண் ஏறியது… நின்றது… இறங்கியது. கசிவு என்றால் ஏறத்தான் செய்யும். இது இறங்கவும் செய்தது. தூங்குகிறவன் நெஞ்சு மாதிரி.

திரையை விரலால் தட்டிப் பார்த்தேன்.

"ஏலே, கேஜ் ஆடுது. எதையும் தொட்டியா?"

"இல்ல… அண்ணாச்சி."

குரல் கதவுப் பக்கமிருந்து வரவில்லை. என் மேசைக்கடியில், கலத்துக் காற்றை உறிஞ்சிக்கொண்டு ஓடிய பம்ப்பிலிருந்து வந்தது. கூடவே… உஸ்ஸ்ஸ்…

எண் ஏறியது… இறங்கியது… இடைவெளி நீண்டது…

நின்றுவிட்டது.

ஓடிப்போய்க் கதவுப்பிடியைப் பிடித்தேன்.

"வெளிய வாலே!"

"உள்ள வராதிய அண்ணாச்சி… இங்கன காத்து இல்ல."

மூச்சை அடக்கிக்கொண்டு கதவைத் தள்ளினேன். நைட்ரஜன் குழாய் கழன்று கிடந்தது. அவன் தரையில். காலைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

கால் விறைத்திருந்தது.

"உயிர் போயி மூணு மணி நேரமாவது இருக்கும்" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். அப்போது மணி 6.30.

பிறகு மூல கேஜைச் சோதித்துப் பார்த்தோம். ஒரு புள்ளிகூடப் பிசகியிருக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவன் அம்மா ஹாஜரா பீவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்புள்ள கடைசியா ஒங்ககிட்ட என்னய்யா பேசுனான்?"

"ஒண்ணும் பேசலம்மா" என்றேன்.