ஸ்கோர்ஸ் என்றால் எத்தனை பேர்

சாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். ஒரு பிற்பகல் பாடத்தின் நடுவே ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. என்ன சத்தம் என்று பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை. அன்று யார் வீட்டிலிருந்து யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்றுதான் யோசித்தார்கள். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்து, பக்கத்து அறைகளும் தரைமட்டமாகியிருந்தன.

மறுநாள் காலை, எங்கள் பின்வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் அந்த ஆலையில் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஆள் வீடு திரும்பவில்லை. சாத்தூரிலும் சிவகாசியிலும் ஆஸ்பத்திரிகளில் தேடிவிட்டாள். தமிழ்ப் பேப்பரில் வந்த பட்டியலிலும் பெயர் இல்லை.

“டீச்சர், இங்கிலீஷ் பேப்பர்லதான் முழுசாப் போடுவாகளாம். உங்க பள்ளிக்கூடத்துக்கு வருமாமே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

ஆசிரியர் அறைக்கு அவளைக் கூட்டிப்போனேன். முதல் பக்கத்திலேயே செய்தி இருந்தது. பெயர்கள் இல்லை. ‘ஸ்கோர்ஸ்’ சிக்கியிருக்கலாம் என அச்சம் என்று மட்டும் இருந்தது. நான் வாசித்த வரியின் மேல் அவள் விரலை வைத்தாள்.

“இதுக்கு எம்புட்டுப் பேருன்னு அர்த்தம்?”

“ஸ்கோர்னா இருபது. ஸ்கோர்ஸ்னா பல இருபது. ஆனா இங்கன அந்தக் கணக்கு இல்லைம்மா. நிறையப் பேருன்னு அர்த்தம். சரியா எத்தனைன்னு தெரியாதப்போ இப்படி எழுதுவாக.”

“அப்ப, எண்ணாம விட்ட ஆளும் இதுக்குள்ள உண்டு?”

“உண்டு.”

அவள் முகம் சற்றுத் தெளிந்தது. வானத்துப் பறவைகளையும் சந்தைக் கூட்டத்தையும் உதாரணம் காட்டி வருஷக்கணக்காக நான் நடத்திய வார்த்தை அது. அதைக் கேட்டு ஒருத்தி ஆறுதல் அடைவாள் என்று நான் நினைத்ததே இல்லை.

அன்றே லீவு போட்டுவிட்டு அவளோடு ஆலைக்குப் போனேன். வாசலில் இருந்த போர்மேன் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

“இந்தப் பேரே இல்லையேம்மா. அவரு நேத்து வேலைக்கே வரலை.”

“புது ஆளுங்க. பேரை இன்னும் எழுதியிருக்க மாட்டீக” என்றாள் அவள்.

அவர் பதிவேட்டை மூடிவிட்டார். உள்ளே ஒரு வேப்பமரத்தடியில் வேலையாட்களின் தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன. அவள் நேரே போய் ஒன்றை எடுத்துத் திறந்தாள். முந்தின நாள் காலையில் அவள் கட்டிக்கொடுத்த புளிச்சோறு தொடாமல் இருந்தது, புளித்த வாடையோடு.

“நான் கட்டுனது டீச்சர்” என்றாள். நானும் போர்மேனிடம் சொன்னேன். விசாரிக்க வந்திருந்த அதிகாரியிடமும் சொன்னேன். “பாத்திரம் எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கும்” என்றார் அவர்.

அதற்கு மறுநாள் ஆங்கிலப் பேப்பரில் ஸ்கோர்ஸ் இல்லை. எண்ணிக்கை வந்திருந்தது, பெயர்களோடு. அந்த எண்ணிக்கைக்குள் அவன் இல்லை. அவள் வந்து கேட்டபோது, பேப்பர் இன்னும் வரவில்லை என்று பொய் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மதுரை ஆஸ்பத்திரியில் அடையாளம் தெரியாத மூன்று உடல்கள் கிடந்தன. அவனுடைய அண்ணனைக் கூட்டிப்போய் மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தோம். பல மாதம் கழித்து முடிவு வந்தது. எதுவும் பொருந்தவில்லை. கலெக்டருக்கு நான் எழுதிக் கொடுத்த மனுக்களுக்கு, பரிசீலனையில் உள்ளது என்று ஒரே ஒரு பதில் வந்தது.

“பூவை எடுன்னு மாமியா சொல்றாக. வச்சுக்கோன்னு எங்கம்மா சொல்லுது. நீங்க சொல்லுங்க டீச்சர், நான் என்ன செய்ய?” என்று ஒரு நாள் கேட்டாள். அதன் பிறகு அவள் என்னைத் தேடி வரவில்லை. வெம்பக்கோட்டையில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த தீபாவளி சீசனில் அவளை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். விரல்களில் வெள்ளி நிறத்தில் மருந்துப்பொடி ஒட்டியிருந்தது.

“அங்கனயும் பட்டாசுதானா?”

“வேற என்ன இருக்கு டீச்சர்?” என்று சொல்லிவிட்டு, கம்பெனி வேன் வந்ததும் ஏறிப் போனாள்.